அந்த விடுப்பை இப்போது எடுக்காதே

தினேஷ், முதலில் உட்கார். ஒரு கையில் காப்பியும் இன்னொரு கையில் செல்போனுமாக நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை இது. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். நான் எதையுமே சொல்லாதபோது நீ எதற்குச் சரி என்றாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதனால் தாளில் எழுதி உன் அப்பா கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீ படித்து முடிக்கிறவரை அவர் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். ஆவடியிலிருந்து திருவேற்காட்டுக்கு இந்த வெயிலில் வந்திருக்கிறார், முதலில் அவருக்குத் தண்ணீர் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை சுகன்யாவின் வளைகாப்பில், பூந்தமல்லி மண்டபத்தில், நான் கலந்த சாதப் பாத்திரங்களை மூடி வைத்துக்கொண்டிருந்தபோது நீ ஓடி வந்தாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா, ஒரு விஷயம். எங்க கம்பெனில இப்ப அப்பாங்களுக்கும் மூணு மாசம் லீவு குடுக்கறாங்க. சம்பளத்தோட. குழந்தை பொறந்த அன்னிலேருந்தே எடுத்துக்கறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய். எனக்கு மனசு நிறைந்துபோனது, பொய் சொல்லவில்லை. என் பிள்ளை தன் குழந்தைக்காக வீட்டில் இருக்கப் போகிறான் என்று அந்தப் புளியோதரை வாசனைக்கு நடுவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. அதே மூச்சில், "லீவு முடிஞ்சதும் சுகன்யா வேலைய விட்டுடுவா, பேசி முடிச்சுட்டோம்" என்றாய். நான் திரும்பிப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "இல்லன்னா நீ விட்டுடேம்மா, எத்தன வருஷம்தான் உழைப்ப" என்றாய். அதற்குள் யாரோ போட்டோவுக்குக் கூப்பிட, போய்விட்டாய். கையில் கரண்டியோடு நான் அங்கேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வளையல் போட என் முறை வந்தது. சந்தனம் பூசும்போது சுகன்யாவின் காதோடு கேட்டேன், "வேலைய விடறியாமே?" என்று. அவள் நிமிரவில்லை. "விடணும்னு நான் நினைக்கல அத்தை. எங்க ஆபீஸ் காப்பகத்துல இப்ப இடம் இல்லையாம். என் லீவு முடிஞ்சு மூணு மாசம் கழிச்சுத்தான் இடம் வருமாம். அதுவரைக்கும் குழந்தைய யாரு பாத்துப்பாங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குப் பின்னால் வளையலோடு காத்திருந்த என் நசரத்பேட்டைச் சித்தி அதைப் பார்த்துவிட்டு, "அம்மா ஊட்டுக்குப் போறோம்னு பொண்ணுக்கு சந்தோசம் தாங்கல பாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள். நான் வளையலைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன். அங்கிருந்தே அவளைச் சென்னீர்குப்பத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு அதே நினைவுதான். உனக்கு மூன்று மாதம் விடுப்பு. காப்பகத்தில் இடம் கிடைக்க மூன்று மாதம் பாக்கி. இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் நீ அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறாய் பார். குழந்தை பிறந்த அன்றைக்கு. அன்றைக்குச் சுகன்யா எங்கே இருப்பாள்? சென்னீர்குப்பத்தில், அவள் அம்மா வீட்டில். ஐந்தாம் மாதம் வரை அங்கேதான் இருக்கப் போகிறாள், சம்பந்தியம்மா அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் அம்மா, அவள் அத்தை, அவள் தங்கை என்று அங்கே ஆட்களுக்குக் குறைவே இல்லை. நீ உன் மூன்று மாதத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறாய். வீட்டில் ஒருத்தருமே இல்லாத மூன்று மாதம் அதற்குப் பிறகுதான் வரும். அப்போது உன்னிடம் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது.

நீ செய்யப்போவது உன் அப்பா செய்ததுதான் என்பது உனக்குத் தெரியாது. நாங்கள் உன்னிடம் சொன்னதில்லை, மறைக்க வேண்டும் என்றும் இல்லை, சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. நீ பிறந்த காலத்தில் அரசாங்க வேலையில் இருக்கிற ஆண்களுக்குப் பதினைந்து நாள் விடுப்பு என்பது புதிதாக வந்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் அதைக் கேட்கவே பலர் கூச்சப்பட்டார்கள். இவர் எழுதிக் கொடுத்ததும் கூட வேலை செய்தவர் ஒருவர், "இன்னாப்பா, நீயா புள்ள பெத்துக்கினே?" என்று கேட்டாராம். இவர் அசரவில்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்து தனியாக வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய மனுஷன், முதல் பிள்ளை, கேலிக்கெல்லாம் பயப்படுவாரா. நீ பிறந்த மறுநாளே விடுப்பை ஆரம்பித்துவிட்டார்.

தினமும் காலையில் பஸ் பிடித்து நசரத்பேட்டைக்கு வருவார். என் அம்மா வீட்டு வாசலில் அவர் தலை தெரிந்ததும் ஒரு நாற்காலி வந்துவிடும். மர நாற்காலி, மேலே துண்டு விரித்திருக்கும். மாப்பிள்ளைக்கு மரியாதை. காப்பி வரும், பலகாரம் வரும், பேப்பர் வரும். நீ மட்டும் வரமாட்டாய். நீ உள் அறையில் என்னோடு இருப்பாய். அவர் எட்டிப் பார்க்க எழுந்தால் என் சித்தி வழி மறிப்பாள், அதே சித்திதான். "பச்ச ஒடம்புக்காரி கீறா, ஆம்பள இன்னாத்துக்கு உள்ள வந்துகினு? நீங்க குந்துங்க மாப்ள, புள்ள முழிச்சா தூக்கியாறோம்" என்பாள். நீ விழித்ததும் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். அவர் கையை நீட்டுவதற்குள் உனக்குப் பசி என்று திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். அந்த நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கைந்து நாளில் அவருக்கு அலுத்துவிட்டது. சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். குவார்ட்டர்ஸுக்குப் போய் எங்கள் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். பச்சை நிறம். கிளி நிறம் என்று அவர் சொல்வார், எனக்கு அது ரேஷன் கடைக் கதவு மாதிரிதான் தெரிந்தது. சுவரைச் சுரண்டி, பட்டி வைத்துத் தேய்த்து, இரண்டு கை அடித்து, அவ்வளவு ஆசையாகச் செய்தார். பிள்ளை வருகிற வீடு அழகாக இருக்க வேண்டுமாம். சாயங்காலம் நகக்கண்ணில் பச்சையோடு நசரத்பேட்டைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். விடுப்பு அப்படியே தீர்ந்துபோனது. யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, எனக்கும்தான்.

எனக்கு அப்போது தனியார் கம்பெனியில் மூன்று மாதம்தான் விடுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனி, இப்போது நான் இருக்கிறதைப் போலவே ஒன்று. நான் லைனில் கெட்டிக்காரி, புதிதாக வருகிற பெண்களுக்கு என்னைத்தான் காட்டுவார்கள். அடுத்து லைன் லீடர் நீதான் என்று சூப்பர்வைசர் வாய்விட்டே சொல்லியிருந்தார். மூன்று மாதம் முடிந்து உன்னைத் தூக்கிக்கொண்டு பச்சை அறைக்கு வந்தேன். எதிர் வீட்டு ஸ்டெல்லாம்மா உன்னைப் பார்த்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்குத் திருச்சியில் பிரசவம். "ரெண்டே வாரம்மா, ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் அம்மா வீட்டிலோ என் தங்கை பிரசவத்துக்கு வந்துவிட்டாள், நான் காலி செய்த அறையில் அவள். உன் அப்பாவோ கையில் இருந்த மற்ற விடுப்பையெல்லாம் தன் தங்கை கல்யாணத்துக்கு ஏற்கெனவே கரைத்திருந்தார். வேண்டியது இரண்டு வாரம். அதே இரண்டு வாரம் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் கையில் இருந்தது, அதை எடுத்துச் சுவரில் பூசிவிட்டோம்.

நான் கம்பெனிக்குப் போய்க் கேட்டேன், சம்பளம் வேண்டாம், இரண்டு வாரம் மட்டும் கொடுங்கள் என்று. "லைன் ஓடுதும்மா, ஆள் இல்லாம வச்சிருக்க முடியாது. வேற ஆளப் போட்டுடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்கள். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டுடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' வருவதற்கு ஏழு வருஷம் ஆனது. நீ இரண்டாம் வகுப்பு போகும்போது திரும்ப வேலை தேடினேன். எல்லா இடத்திலும் புது ஆளாகத்தான் எடுப்போம் என்றார்கள். சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒயர் முடிச்சு எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுக்க வந்த லைன் லீடர் யார் தெரியுமா? மல்லிகா. பழைய கம்பெனியில் நான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த பெண். "அக்கா, நீங்களே போட்டுக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

இதைச் சொல்வது நீ பரிதாபப்பட வேண்டும் என்பதற்காக இல்லை. அந்த ஏழு வருஷமும் உன்னோடு இருந்தேன், நீ பேசிய முதல் பேச்சு, உனக்கு வந்த அம்மை, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருந்தேன், அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. நானாக விரும்பி விட்டிருந்தால் அது வேறு. இரண்டு வாரம் பொருந்தாமல் போனதால் விட்டேன். என் வேலையை விட்டது என் முடிவு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் என் முடிவு என்று ஒன்றுமே இல்லை. யாருக்கு எவ்வளவு விடுப்பு, அதை யார் எப்போது எடுத்தார்கள் என்பதுதான் முடிவு செய்தது. இப்போது சுகன்யா "விட்டுடறேன்" என்று சொன்னதும் நீ "பேசி முடிச்சுட்டோம்" என்கிறாயே, அங்கே யார் என்ன பேசினீர்கள்? வேறு வழி இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள், நீ தலையாட்டினாய். அதற்குப் பெயர் பேசி முடிப்பது இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது சூப்பர்வைசர் என்ற முறையில் என்னையும் கூட உட்கார வைக்கிறார்கள். பெண்கள் வந்தால் "கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை இருக்கா" என்று கேட்காமல் விடமாட்டார்கள். ஆறு மாதம் விடுப்பு கொடுக்க வேண்டி வருமே என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு பையனை அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெண்ணுக்காகக் கொடுத்த விடுப்பே அவளைத் தள்ளி வைக்கவும் காரணமாகிவிடுகிறது. உன்னை மாதிரி பத்து ஆண்கள், குழந்தைக்காக மூன்று மாதம் விடுப்பு போட்டு வீட்டில் இருந்தால், அப்புறம் பெண்களை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்பதில் அர்த்தம் இருக்காது. நீ மட்டும் எடுத்தால் உலகம் மாறிவிடாது, எனக்குத் தெரியும். ஆனால் எடுக்கிறவன் அதை உபயோகமாக எடுத்தான் என்று நாலு பேர் பார்க்கட்டும். இந்தத் தாளை உன் சிநேகிதர்களும் படித்தால் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "பொறந்த குழந்தைய விட்டுட்டு ஆபீஸ்ல உக்காரச் சொல்றியாம்மா?" என்பாய். அப்படிச் சொல்வேனா நான்? பிறந்ததும் ஒரு வாரம் உன் சாதாரண விடுப்பைப் போட்டுவிட்டுச் சென்னீர்குப்பத்தில் போய் இரு. அதன் பிறகு தினமும் வேலை முடிந்து போ. கிட்டத்தில்தானே இருக்கிறது, வண்டியை முறுக்கினால் போய்விடலாம். ஆனால் ஒன்று. அங்கே உனக்கும் நாற்காலி போடுவார்கள். சம்பந்தியம்மா நல்ல மனுஷி, அவர் உன்னை மரியாதையாகத்தான் உட்கார வைப்பார். உட்காராதே. காலைக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போ. குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று பார். துணி மாற்றக் கற்றுக்கொள், ஏப்பம் விடவைக்கக் கற்றுக்கொள். யாராவது "ஆம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கேட்டால், இன்னும் சில மாதத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவன் நான்தான் என்று சொல். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குழந்தைக்கு ஒரு வயசு ஆகும் வரைக்கும் அந்த விடுப்பை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நீயே உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அப்படியானால் நாளைக்கே மேனேஜரிடம் போய்த் தேதியை மாற்று. குழந்தை பிறக்கிற நாளிலிருந்து இல்லை, சுகன்யா வேலைக்குத் திரும்புகிற நாளிலிருந்து. பிரசவம் என்றால் அவர் உடனே ஒத்துக்கொள்வார், ஆறு மாதக் குழந்தைக்கு எதற்கு அப்பா என்று முகத்தைச் சுளிப்பார். உன் புரமோஷனைக்கூட இழுத்தடிக்கலாம். அதெல்லாம் நடக்காது என்று நான் உனக்கு உறுதி சொல்லமாட்டேன். அந்தப் பயம் உனக்கு மூன்று மாதத்துக்குத்தான். சுகன்யாவுக்கு அது பல வருஷத்துக்கு. யோசித்துப் பார்.

இதை எழுதும்போது உன் அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அந்தப் பெயிண்ட் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. நாற்காலிய விட்டு எழுந்து உள்ள போக எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு. அவன் நடக்க ஆரம்பிக்கற வரைக்கும் அவனத் தூக்கவே எனக்குக் கை நடுங்கும், அதையும் எழுது" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை. உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, நிமிர்ந்து ஒரு தடவை அவர் முகத்தைப் பார்.

கடைசியாக, என் வேலையைப் பற்றி. நீ சிரித்துக்கொண்டே கேட்டதால் நானும் கோபப்படாமல் சொல்கிறேன். நான் விடமாட்டேன். ஒரு தடவை விட்டு, புது ஆளாகச் சேர்ந்து, மறுபடியும் ஏறி இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருக்கின்றன, அவை என்னுடையவை. பேரப்பிள்ளையோ பேத்தியோ, ஞாயிற்றுக்கிழமைகளில் என் மடியை விட்டு இறங்கவே விடமாட்டேன். ஆனால் உன் கம்பெனி மூன்று மாதம் கொடுத்தது உனக்கு, எனக்கு இல்லை.

சுகன்யா வேலைக்குத் திரும்புகிற அந்தத் திங்கட்கிழமைக் காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, நீ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். அவள் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நீ உள்ளே போய்விடாதே, அவள் ஷேர் ஆட்டோ ஏறும் வரைக்கும் நில். குழந்தை அழும். அழட்டும், தட்டிக்கொடு, அதற்குள் உனக்குப் பழகியிருக்கும். என்ன செய்வது என்று தெரியாமல் எனக்குப் போன் போடாதே. நான் எடுக்கமாட்டேன். எனக்கு அன்றைக்கு முதல் ஷிப்ட்.

அம்மா